அங்கீகரிக்கப்படாத பாகம்

1

இந்தக் கதை ஒரு புகார்ப் படிவத்தில் பிறந்தது. நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: 'உங்கள் குறையை முந்நூறு எழுத்துகளுக்குள் தெரிவிக்கவும்.' எழுதினேன். முந்நூறாவது எழுத்து வந்தபோது அக்காவுக்கு இன்னும் அறுவை சிகிச்சையே நடந்திருக்கவில்லை. அடைமொழிகளை எடுத்தேன். 'தயவுசெய்து' இரண்டு இருந்தது, இரண்டையும் எடுத்தேன். கட்டம் சிவப்பாகவே இருந்தது. எனக்கும் முகம் சிவந்துவிட்டது. கட்டத்துக்கு வெளியே வழிந்ததைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எழுதிய பக்கங்களை அக்கா உடனுக்குடன் வாங்கிப் படிக்கிறாள். பென்சிலால் ஓரத்தில் எழுதுகிறாள். அவள் எழுதியதையெல்லாம் அப்படியே விட்டிருக்கிறேன். அவளை எதிர்த்துப் பழக்கமில்லை.

2

முதல் தொடக்கம்: 'அக்காவின் குரல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டாவது முறையாக இறந்தது.'

(ஓரத்தில் அக்கா: 'சாகல. பூட்டி வெச்சிருக்காங்க. செத்துப்போனா அழுதுட்டு வேலையப் பாக்கலாம். பூட்டினா சண்டை போடணும்.')

இரண்டாவது தொடக்கம்: 'மனிதன் முதன்முதலாக ஒரு கருவியைக் கையில் எடுத்த நாளிலிருந்தே, அது உடைந்தால் சரிசெய்துகொள்ளும் உரிமையும் அவனுக்கு'

('யாருடா இது, மைக் புடிச்சு நிக்கிறது?')

மூன்றாவது தொடக்கம்: 'அவள் கண்களில் நீர்'

இதற்குக் குறிப்பு எதுவும் இல்லை. தாள் கிழியும் அளவுக்கு ஒரு கோடு மட்டும்.

ஆகவே தொடக்கம் என்று ஒன்று இல்லாமலே தொடங்குகிறேன்.

3

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். இருபத்திரண்டு வருடங்களாக முன்பின் தெரியாதவர்களின் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு; அதை மிதிப்பது அவளுக்குக் கௌரவக் குறைச்சல். தொண்டையாலேயே வண்டியை நிறுத்திவிடுவாள். "கிளட்ச்ச விடு... விடு... விடுன்னா கீழ போடாத, மெதுவா விடு!" என்று அவள் போடும் சத்தத்தில் எதிரே வருகிற வண்டிகளும் வேகத்தைக் குறைக்கும்.

அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் அக்கா தன் குரலைச் சேமித்தாள். டேப்லெட்டில் அதற்கென்று ஒரு செயலி உண்டு. சில ஆயிரம் வாக்கியங்களைப் பேசிப் பதிந்துவிட்டால், பிறகு எதைத் தட்டச்சு செய்தாலும் அதை நம் குரலிலேயே பேசும். அமைதியான அறையில் உட்கார்ந்து பேசச் சொன்னோம். கேட்கவில்லை. காரில்தான் தனக்குப் பேச்சு வரும் என்று என்ஜினை ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்து பேசினாள். அதனால் அந்தக் குரலுக்கு அடியில் எப்போதும் ஒரு உறுமல். சாப்பிடும்போது 'உப்பு போதும்' என்று சொன்னாலும் இரண்டாவது கியரில்தான் சொல்வாள்.

அறுவை சிகிச்சை முடிந்து மூன்றே மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள். டாஷ்போர்டில் ஒரு தாங்கி, அதில் டேப்லெட், அதன் திரையில் பெரிய பெரிய பொத்தான்கள்: 'பிரேக்', 'கண்ணாடியப் பாரு', 'ஓரமா நிறுத்து', 'நல்லாத்தானே ஓட்டுறீங்க, ஏன் பயம்?' எனக்கென்றே ஒரு பொத்தான் வைத்திருந்தாள்: 'டேய்.'

நான்கு வருடம் இப்படி ஓடியது. அந்த நான்கு வருடத்தில் அவளிடம் கற்று உரிமம் வாங்கியவர்கள் நூற்றுக்கு மேல். இதைப் புகார்ப் படிவத்தில் எழுத இடமில்லை.

4

அந்தச் செவ்வாய்க்கிழமை காரை ஓட்டியவர் ஒரு பல் மருத்துவர். ஐம்பது வயதில் கற்றுக்கொள்ள வந்தவர். குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பிரேக்கை மிதித்தார்கள். சைக்கிள் தப்பியது. டேப்லெட் தாங்கியிலிருந்து பிய்ந்து கண்ணாடியில் மோதிக் கீழே விழுந்தது.*

திரை நொறுங்கிப்போயிருந்தது. அந்த மாடலில் ஒலிபெருக்கியும் திரையோடு ஒட்டியே வரும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போனோம். டோக்கன் வாங்கி, குளிர்ந்த கூடத்தில் காத்திருந்து, கவுண்டருக்குப் போனால், சீருடைக்காரர் டேப்லெட்டின் பின்பக்க எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அவங்களுக்கு என்ன சார் வேணும்?"

அக்கா தன் சின்ன நோட்டில் எழுதிக் காட்டினாள்: 'அவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும்.'

"சாரி மேடம். இந்த மாடலுக்கு பார்ட்ஸ் நிறுத்திட்டாங்க."

"நாலு வருஷம்தானே ஆகுது?" என்றேன்.

"அதான் சார், நாலு வருஷம் ஆயிடுச்சு. புதுசு வாங்கிக்கலாம். ஆனா அந்தக் குரல் ஆப் புது மாடல்ல வராது."

(இந்த இடத்தில் நீங்கள் கேட்கப்போவது தெரியும்: பிரதி எடுத்து வைத்திருக்கக் கூடாதா? வைத்திருக்கிறோம். அந்தக் கோப்பை அந்தச் செயலி மட்டுமே திறக்கும், அதுவும் அந்த ஒரு சாதனத்தில் மட்டுமே. குரல் பதிவதற்கு முன் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டினாளே, அதில் இருக்கிறதாம். தொண்டையில் கட்டியோடு, பதினோரு நாளை எண்ணிக்கொண்டு, நாற்பது பக்கம் படித்துவிட்டுத் தட்டியிருக்க வேண்டும்.)

* பல் மருத்துவருக்குத் தன்னைக் கதையில் சேர்த்ததில் ஆட்சேபம் இல்லை. "சைக்கிள்காரர் மேலதான் தப்புன்னு மட்டும் போட்டுருங்க" என்றார். போட்டேன். அக்கா அடித்துவிட்டாள்.

5

மாடிப்படிக்கு அடியில் மூன்று பேர் நிற்கும் அளவுக்கு ஒரு கடை. அதை நடத்துகிற பெண்ணை எல்லோரும் 'ஊசி' என்று கூப்பிடுகிறார்கள். உருப்பெருக்கியில் ஒரு கண்ணை வைத்து, கண்ணுக்கே தெரியாத இடத்தில் பற்றவைப்பவள். பேச்சும் அப்படித்தான், குத்தும்.

டேப்லெட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். "போர்டு நல்லா இருக்கு. திரை போச்சு, ஸ்பீக்கர் போச்சு. இதே மாடல் ஒண்ணு தண்ணியில விழுந்து வந்தது, போர்டு காலி, திரை புதுசு மாதிரி இருக்கு. அதக் கழட்டி இதுல மாட்டிடலாம். உக்காருங்கக்கா."

உட்கார்ந்தோம். சூடான காற்றை ஊதிப் பசையை இளக்கி, மெல்லிய தகட்டால் ஓரம் ஓரமாக நெம்பித் திரையைப் பெயர்த்து எடுத்தாள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பொருத்தி, அழுத்தி, பொத்தானைத் தட்டினாள். வெளிச்சம் வந்தது. அக்காவின் பொத்தான்கள் ஒன்று விடாமல் வந்தன. அக்கா என் பக்கம் திரும்பி 'டேய்' என்பதைத் தொட்டாள்.

சத்தமில்லை.

மறுபடியும் தொட்டாள். திரையின் நடுவில் ஒரு கட்டம் எழுந்தது:

'அங்கீகரிக்கப்படாத பாகம் கண்டறியப்பட்டது. உங்கள் பாதுகாப்பிற்காக ஒலி நிறுத்தப்பட்டுள்ளது.'

ஊசி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். (அக்கா: 'என்ன வார்த்தைன்னு எழுது.' எழுத மாட்டேன்.)

"போலிப் பாகமா?" என்று கேட்டேன்.

"அவங்க ஃபேக்டரியில அவங்களே செஞ்சது சார். இதுக்கும் அதுக்கும் நம்பர்தான் வேற. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நம்பர் வெச்சிருக்கான். போர்டு அந்த நம்பரக் கேக்கும். ஒத்துவரலன்னா சத்தத்த அடைச்சிரும். ப்ளூடூத் ஸ்பீக்கர் வெச்சாலும் வராது, எல்லா வழியையும் அடைச்சிருக்கான். கம்பெனி லேப்டாப்ல இதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. 'இந்த நம்பர ஏத்துக்கோ'ன்னு ஒரு தட்டு தட்டினா ரெண்டு நிமிஷ வேலை. அத எங்களுக்குக் குடுக்க மாட்டான்."

அக்கா நோட்டில் எழுதினாள்: 'வேலை செய்யாதா, இல்ல செய்ய விடலையா?'

"செய்ய விடலக்கா."

அந்த இரண்டு சொல்லில்தான் இந்தக் கதையின் கோபம் முழுக்க இருக்கிறது. மேற்கொண்டு நான் எழுதுவது அதற்கு உரை. உடைந்த பொருளோடு எனக்குச் சண்டை கிடையாது. பொருள் என்றால் உடையும். மனிதத் தொண்டையே உடைகிறது. ஆனால் ஒருத்தி சரிசெய்து கையில் கொடுத்த பிறகு, எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒருவன், 'நான் சொல்லாமல் நீ எப்படிச் சரியானாய்' என்று அதன் வாயைப் பொத்துகிறான். அந்தச் சாதனத்துக்கு முழு விலை கொடுத்தவள், அது தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். விற்றவனே சாவியை வைத்துக்கொண்ட வீட்டை வீடு என்று

('டேய், மறுபடி மைக்.')

நிறுத்திவிட்டேன்.

6

ஒன்றை மறைத்துவிட்டேன். ஐந்தாம் பகுதியை ஏழு முறை திருத்தி எழுதியதற்கு அதுதான் காரணம்.

கதை எழுதிச் சோறு கிடைக்காது. நான் பிழைப்புக்குச் செய்வது, மின்சாதனங்களின் கையேடுகளையும் திரையில் வரும் அறிவிப்புகளையும் தமிழில் எழுதுவது. ஒரு முகவர் அனுப்புவார். பட்டியலாக வாக்கியங்கள் வரும், எந்த நிறுவனம், எந்தச் சாதனம், எந்த நேரத்தில் திரையில் தோன்றும் என்று எதுவும் இருக்காது. 'ஈரக் கையால் தொடாதீர்கள்.' 'மூடியைத் திறக்காதீர்கள்.' ஒரு நாளைக்கு இருநூறு எழுதுவேன்.

ஊசியின் கடையில் அந்தக் கட்டம் எழுந்தபோது என்னால் அதை முழுதாகப் படிக்க முடியவில்லை. படிக்காமலே தெரிந்தது. 'பாதுகாப்புக்காக'வா, 'பாதுகாப்பிற்காக'வா என்று அரை நாள் யோசித்து, 'இற்கு' போட்டால் கொஞ்சம் கனமாக, அரசாங்கம் சொல்வதுபோல் இருக்கும் என்று நானே முடிவு செய்த வாக்கியம் அது. என் கதைகளைப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் பேர் படித்தார்களோ.

முகவருக்கு எழுதினேன். வாக்கியத்தை இப்படி மாற்றச் சொன்னேன்: 'இந்தப் பாகம் நன்றாக இருக்கிறது. எங்களைக் கேட்காமல் பொருத்தியதால் ஒலியை நிறுத்திவைத்திருக்கிறோம்.' திரையில் இடம் போதாது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் அனுப்பிய பட்டியல்களைத் திறக்கவில்லை.

இந்தப் பகுதியை அக்காவிடம் கொடுத்துவிட்டு இரண்டு நாள் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே வரி.

'பிழையில்லாம எழுதியிருக்கே.'

7

சீருடைக்காரரை நான் நம்பவில்லை; கதாபாத்திரமாகச் சொல்கிறேன். முதல் பிரதியில் அவருக்கு எண்ணெய் வழியும் முகமும், பல் தெரியாத சிரிப்பும் கொடுத்திருந்தேன். ஒரு கதையில் யார்மேலாவது கோபப்பட ஒரு முகம் வேண்டுமே. அக்கா பக்கம் முழுவதையும் அடித்து எழுதினாள்: 'ரெண்டாவது தடவ போனப்ப நடந்தத எழுது. கெட்டவன் அவ்வளவு பக்கத்துல உக்கார மாட்டான்.'

நடந்தது இதுதான். திரை மாற்றிய டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அதே கவுண்டருக்குப் போனோம். அவர் எங்களை மறந்திருக்கவில்லை. இந்த முறை அக்காவைப் பார்த்துப் பேசினார்.

"வெளிய மாத்திட்டீங்களா மேடம்?"

அக்கா தலையாட்டினாள். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு வயரைச் செருகி, தன் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். எங்கள் சாதனத்தின் எண், திரையின் எண், அதற்குப் பக்கத்தில் 'ஏற்கவும்' என்று ஒரு பச்சைப் பொத்தான்.

"இதான். நான் அமுக்கினா பேச ஆரம்பிச்சிரும். ஆனா யார் அமுக்கினாங்கன்னு என் ஐடி மேல போகும். இந்த மாடலுக்கு அமுக்கக் கூடாதுன்னு ஆர்டர். போன மாசம் ஒருத்தர் அமுக்கினார். அவர் சீட்லதான் இப்ப நான் உக்காந்திருக்கேன்."

அக்கா அந்தப் பச்சையை வெகுநேரம் பார்த்தாள். கையை நீட்டினால் எட்டும் தூரம். நான் நீட்டவும் செய்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் சண்டை போட்டேன். "ஏன் புடிச்ச? ஒரு தட்டு தட்டியிருப்பேன்ல?"

நோட்டில் எழுதினாள்: 'அவருக்கும் வீடு இருக்கும்ல. பொத்தான் வெச்சவன விட்டுட்டு, பக்கத்துல உக்காந்தவன் கழுத்தப் புடிக்கவா?'

8

பழுதுபார்ப்பு உரிமைக்கு ஒரு சட்டம் கொண்டுவரலாமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடப்பதாக ஊசிதான் சொன்னாள். பதிவு செய்தவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். அக்கா பதிவு செய்தாள். "எழுதிக் குடு, நான் வாசிக்கிறேன்" என்றேன். முறைத்தாள்.

நீள மேசைக்குப் பின்னால் குழு உறுப்பினர்கள் மூவர். ஒரு பக்கத்தில் நிறுவனத்தின் வழக்கறிஞர். அக்காவின் முறை வந்தது. மைக் முன்னால் போய் டேப்லெட்டை அதன் வாயருகே பிடித்து, ஒரு பொத்தானைத் தொட்டாள். பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. அவசரமே இல்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் விட்டு விட்டுத் தொட்டாள்.

"கேக்கல. மைக்க ஆன் பண்ணுங்கப்பா" என்றார் நடுவில் இருந்த உறுப்பினர்.

"ஆன்லதான் மேடம் இருக்கு."

அரை நிமிடத்தில் கூடத்துக்குப் புரிந்துவிட்டது. நாற்காலி நகரும் ஓசை நின்றது. அக்கா மூன்று நிமிடமும் தொட்டுக்கொண்டே இருந்தாள். மணி அடித்ததும் திரையில் இருந்த கட்டத்தை உறுப்பினர்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். நடுவில் இருந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் வாக்கியத்தைச் சத்தமாக வாசித்தார். 'உங்கள் பாதுகாப்பிற்காக' என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழக்கறிஞர் எழுந்தார். "வெளி நபர்கள் பொருத்தும் பாகங்களால் தீ விபத்துகூட நேரலாம். எங்கள் வாடிக்கையாளர்களின் பாதுகாப்பு..."

"ஸ்பீக்கர் தீப்பிடிக்குமா சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஊசி கேட்டாள். "எந்த ஸ்பீக்கர்னு சொல்லுங்க, வந்து பாக்கிறேன்."

கூடமே சிரித்தது. வழக்கறிஞரும் சிரிக்க முயன்று, "இந்த வாடிக்கையாளருக்குத் தனிப்பட்ட முறையில் உதவ நிறுவனம் தயார்" என்று உட்கார்ந்தார். குழு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டது. இன்றுவரை 'பரிசீலனையில்' இருக்கிறது.

9

நான்காம் நாள் உதவி வந்தது. உறைக்குள் இரண்டு பக்கம். நல்லெண்ண அடிப்படையில் அக்காவின் சாதனத்தில் ஒலியைத் திறந்துவிடுவார்கள். பதிலுக்கு மூன்று நிபந்தனைகள். கூட்டத்தில் அளித்த சாட்சியத்தைத் திரும்பப் பெற வேண்டும். பாகத்தைப் பொருத்தியவரின் பெயரும் கடை முகவரியும் தர வேண்டும். அவளோ அவள் குடும்பத்தாரோ இதைப் பற்றி 'பேச்சாலோ எழுத்தாலோ வேறெந்த வடிவிலோ' யாரிடமும் வெளிப்படுத்தக் கூடாது.

குரலைத் தருகிறோம், பேசாதே.

இதை நான் கற்பனை செய்திருந்தால், மிகைப்படுத்துகிறேன் என்று அடித்திருப்பேன்.

ஊசியிடம் காட்டினோம். படித்துவிட்டு உருப்பெருக்கியிலேயே கண்ணை வைத்துக்கொண்டாள். "போட்டுக் குடுத்துருங்கக்கா. ஊசின்னு குடுங்க, தேடிக்கிட்டு வரட்டும். நிஜமாத்தான் சொல்றேன். கடை போனா வேற படிக்கட்டு கிடைக்கும். உங்க தொண்டைக்கு வேற எங்க போவீங்க?"

அக்கா அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அதற்கு நோட்டு தேவைப்படவில்லை.

பல் மருத்துவர் மட்டும் வகுப்புக்குத் தவறாமல் வருகிறார். வேறு சிலர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இப்போது அக்கா டாஷ்போர்டில் தட்டிக் கற்றுக்கொடுக்கிறாள். ஒரு தட்டு, மெதுவா. இரண்டு தட்டு, கண்ணாடி. உள்ளங்கையால் ஓங்கி ஒன்று, பிரேக். "என் நாற்காலியில உக்காரறவங்களும் வாயத் திறந்துக்கிட்டுப் பேச முடியாமத்தான் டீச்சர் இருப்பாங்க. கை அசைஞ்சாலே எனக்குப் புரியும்" என்றாராம் பல் மருத்துவர். பல நாளுக்குப் பிறகு அக்கா அன்று சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

10

முடிவுகள்.

(அ) அக்கா கையெழுத்துப் போடுகிறாள். குரல் திரும்புகிறது. இந்தத் தாள்களை நான் கிழித்துப்போடுகிறேன். ஊசியின் கடைக்கு ஒரு நோட்டீஸ் போகிறது.

(ஆ) கையெழுத்துப் போடவில்லை. உள்ளங்கை காய்த்துப்போகும்வரை டாஷ்போர்டைத் தட்டுகிறாள். கைத்தட்டலோடு கதை

(இ) சீருடைக்காரர் ஒரு நாள் மனம் பொறுக்காமல் அந்தப் பச்சையை அமுக்கி

மூன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தாள். அடித்து அடித்துக் கூர் மழுங்கிய பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து, மூன்றுக்கும் சேர்த்து ஒரு பெரிய அடைப்புக்குறி போட்டாள். அதன் பக்கத்தில் எழுதினாள்:

'ஒண்ணுல நான் விட்டுக்குடுக்கிறேன். ஒண்ணுல நான் தாங்கிக்கிறேன். ஒண்ணுல ஒரு சம்பளக்காரன் வேலை போகுது. பூட்டினவன் எதுலடா வர்றான்?'

பூட்டினவனையும் சேர்க்க முயன்றேன். (ஈ) என்று போட்டேன். 'நிறுவனத்தின் உயரமான கட்டடத்தில் ஒருவர்' என்று எழுதினேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அவருக்கு மனம் மாறுவதாக எழுதலாம். எழுதினால் அவர் செய்ய வேண்டியதை நான் இலவசமாகச் செய்து கொடுத்ததாகிவிடும். ஏற்கெனவே அவர்களுக்கு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று தர மாட்டேன்.

அந்த இரண்டு பக்கத்தில் கையெழுத்துப் போடக் கடைசித் தேதி என்று ஒன்று இருந்தது. அது போன வெள்ளிக்கிழமை. கோட்டுக்கு மேலே இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. இந்தக் கதை உங்கள் கையில் இருக்கிறது. அக்கா தினமும் காலையில் டேப்லெட்டுக்குச் சார்ஜ் ஏற்றுகிறாள். உள்ளே அவள் சொன்ன சில ஆயிரம் வாக்கியங்களும் பழுதில்லாமல், என்ஜின் ஓடியபடியே இருக்கின்றன. திறக்க இரண்டு நிமிடம் போதும்.

(ஈ)